பிலோமி பெருக்கிய ரோடு

எழிலனுக்குத் தன் காரின் சக்கரங்கள் உள்ளடங்கி இருப்பது பிடிக்கவில்லை. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் அவனுடைய பிளாக்கிலேயே கார் வாங்கிய முதல் ஆள் அவன்தான். செகண்ட் ஹேண்ட் என்றாலும் கார் கார்தானே. ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் அது தொளதொள சட்டை போட்ட ஒல்லிக்கால் ஆசாமியைப் போல நின்றது. எண்ணூரில் அவன் ஸ்டோர் கிளார்க்காக இருந்த கிழக்கலை சரக்குக் கிடங்கு நிறுவனத்தில், அதிகாரிகளின் வண்டிகளெல்லாம் காலை அகட்டிக்கொண்டு மிடுக்காக நிற்கும். அவற்றின் பக்கத்தில் தன் வண்டியை நிறுத்த அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கல்மண்டபத்தில் கார் சாமான் கடை வைத்திருந்த ஜெஸ்வின் நாகர்கோவில் பக்கத்துக்காரன். அவன் நடுவில் ஓட்டையுள்ள தடித்த அலுமினிய வளையம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதாண்ணே ஸ்பேசர். அச்சுக்கும் வீலுக்கும் நடுவுல இதக் கொடுத்தா வீல் வெளிய வந்துரும். மெல்லிசும் இருக்கு, தடிச்சதும் இருக்கு. மெல்லிசு போட்டா போட்டதே தெரியாது."

"தெரியறதுக்குத்தானே மாமு போடுறதே. தடிச்சதக் குடு."

"தடிச்சது போடணும்னா உள்ள இருக்க போல்ட்ட எல்லாம் நீளமா மாத்தணும், பாத்துக்கிடுங்க. இல்லன்னா நட்டு நுனியில மட்டுந்தான் பிடிக்கும். வண்டிய ஒரு நா விட்டுட்டுப் போங்க, மாத்தித் தாரேன்."

"ஞாயித்துக்கெழம மச்சான் கல்யாணம் கீது. மாப்ள ஊர்வலமே இந்த வண்டிலதான். இப்ப அப்டியே மாட்டிக் குடு, போல்ட்ட அப்பால பாத்துக்கலாம்."

ஜெஸ்வின் தலையைச் சொறிந்தான். வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனும் கடை வைத்திருப்பவன். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் மாட்டிக் கொடுத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் மறந்துராதீங்கண்ணே. கொஞ்சம் ஓடுனதும் நட்டு தளரும். அடுத்த வாரமே கொண்டு வாங்க, திருப்பி முறுக்கணும்," என்றான்.

எழிலன் போகவில்லை. வண்டியைக் கழுவ நேரம் இருந்தது, காசிமேட்டுக் கடலை ஒட்டி நிறுத்திப் படம் எடுக்க நேரம் இருந்தது, நட்டு முறுக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. பிறகு வளைவுகளில் திரும்பும்போது பின்னாலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எழிலன் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். பின்னாளில் தூக்கம் வராமல் புரளும்போதெல்லாம் அவனைக் குத்தியது இந்த ஒரு காரியம்தான். சத்தம் கேட்காமல் போயிருந்தால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம், கேட்டிருக்கிறதே.

இங்கே கிழக்கலை நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிடங்கில் கிரேன் ஓட்ட ஆள் பற்றாக்குறை உண்டு, பாதுகாப்புப் பிரிவில் கிடையாது. தலைமை அதிகாரி தேவப்பிரியம் அச்சடித்த தமிழிலேயே பேசுவார், வீட்டில் சாம்பார் கேட்கும்போதும் அப்படித்தான் கேட்பார் என்று லோடுமேன்கள் சத்தியம் செய்வார்கள். அவருக்கு அடுத்தபடியாக பெனிஷா என்ற உதவி அதிகாரி. அவர் சொல்லச் சொல்ல எழுதுவது அவள் வேலை. வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பெரிய பலகை ஒன்று நின்றது. அதில் தினமும் எண்ணை மாற்றுவதற்கென்றே ஓர் ஊழியர், அவர் ஏணியில் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ள இன்னோர் ஊழியர், இருவரையும் மேற்பார்வையிட ஒருவர்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலைப் பாதுகாப்பு உறுதிமொழி. கிடங்கில் உள்ள அத்தனை பேரும் வாசல் மைதானத்தில் வலது கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மைக்கில் ஒருவர் வரி வரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருமுறை மைக்கில் இருந்தவருக்கு இருமல் வந்து, பக்கத்தில் இருந்தவரிடம் "கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்றார். "கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்று மொத்தக் கிடங்கும் கையை நீட்டியபடி முழங்கியது. தேவப்பிரியமும் முழங்கினார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களின் ஒருமித்த குரலைப் பாராட்டி இரண்டு பத்தி. எக்காரணத்தைக் கொண்டும் உறுதிமொழியை நடுவில் நிறுத்தக் கூடாது, சொன்னதை மறுக்கக் கூடாது, மீறுவோர் வெளியேற்றப்படுவர் என்று மூன்றாவது பத்தி. கீழே தேவப்பிரியத்தின் கையெழுத்து.

ஒரு நாள் காலை உறுதிமொழி முடிந்த கையோடு எழிலன் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டோர் பக்கம் போனான். ஷெட்டுக்கு இறங்கும் சரிவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. கழன்ற சக்கரம் அவனை முந்திக்கொண்டு சரிவில் உருண்டு ஓடியது. கீழே நிலக்கரித் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்த பிலோமியை அது அடித்துச் சாய்த்துவிட்டுச் சுவரில் மோதி நின்றது. பின்னாலேயே உருண்டு வந்த ஸ்பேசர் வளையம், அவளுடைய துடைப்பத்தின் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்து படுத்தது.

பிலோமி முகத்துவாரக்குப்பத்துக்காரி, ஒப்பந்தத் தொழிலாளி. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. "ஐயோ மாதாவே" என்று ஒரே ஒரு தடவைதான் கத்தினாள்.

பாதுகாப்புப் பிரிவு உடனே வந்து சேர்ந்தது. முதலில் அவள் கிடந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். லோடுமேன்கள் அவளைத் தூக்கப் போனார்கள். தேவப்பிரியம் கையை உயர்த்தினார்.

"பொறுங்கள். பதற்றம்தான் இரண்டாவது விபத்து. ஒரு மூட்டைக்கு மேற்பட்ட எடையைத் தூக்க எழுத்துமூலமான அனுமதி தேவை. பெனிஷா, இந்த அம்மையாரின் எடை என்ன?"

"தெரியல சார்."

"எடை தெரியாமல் எப்படி அனுமதி தருவது? அம்மா, உங்கள் எடை என்ன?"

"நான் கீறனா செத்தனான்னு தெரியல, எடை கேக்குறியே நைனா," என்றாள் பிலோமி.

லோடுமேன்கள் நாடாவை அறுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பேருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. இதற்குள் எழிலன் அந்த வளையத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தான். அது இன்னும் சூடாக இருந்தது. "சார், இது என் வண்டிது," என்றான்.

"கையுறை இல்லாமலா தொட்டீர்கள்? போகட்டும். பெனிஷா, பொருளைக் கண்டெடுத்து ஒப்படைத்தவர் எழிலன் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

மறுநாள் விசாரணைக் கூட்டம். கூட்டம் தொடங்குமுன் அறையில் தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று விளக்கினார்கள். அறைக்கு ஒரே கதவுதான். பிறகு தேவப்பிரியம் எழுந்து, எந்த விபத்தையும் 'ஏன், ஏன்' என்று கேட்டுக்கொண்டே போனால் அதன் வேர் கிடைத்துவிடும் என்றார்.

"சக்கரம் ஏன் கழன்றது?"

"சார், நான் ஸ்பேசர் போட்டிருந்தேன் சார்," என்று எழிலன் எழுந்தான். "போல்ட் மாத்தாம போட்டேன். முறுக்கச் சொன்னாங்க, முறுக்கல. அந்த வளையம் என் சக்கரத்துலேர்ந்து விழுந்ததுதான் சார்."

தேவப்பிரியம் அவனைக் கனிவோடு பார்த்தார். மேசையிலிருந்த அந்தக் காரின் கையேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இரவெல்லாம் இதைப் படித்தேன். அட்டை முதல் அட்டை வரை. இப்படி ஒரு வளையம் இந்த வாகனத்தில் இருப்பதாக எங்குமே குறிப்பிடவில்லை. கையேட்டில் இல்லாத பொருள் வாகனத்தில் எப்படி இருக்க முடியும்? நீங்கள் அதிர்ச்சியில் இருக்கிறீர்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்."

எழிலன் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் அவன் வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு நிம்மதி இறங்கியது. நாம் சொல்லிவிட்டோம், அவர்கள் கேட்கவில்லை, நாம் என்ன செய்ய முடியும். இப்படி ஒரு நிம்மதி தனக்குள் வந்ததே என்று அடுத்த நொடியே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை, தண்ணீரைக் குடித்தான்.

"ஆகவே," என்று தொடர்ந்தார் தேவப்பிரியம், "வளையம் சாலையில் கிடந்திருக்கிறது. அதன்மேல் ஏறியதால் சக்கரம் கழன்றது. வளையம் ஏன் சாலையில் கிடந்தது? பெருக்கப்படவில்லை. ஏன் பெருக்கப்படவில்லை? பெருக்க வேண்டியவர் கவனிக்கவில்லை. அவர் ஏன் சக்கரம் வரும் வழியில் நின்றார்?"

"பெருக்குறதுக்காக நின்னாங்க சார்," என்றாள் பெனிஷா.

"பெருக்காத ஒருவர் பெருக்குவதற்காக எப்படி நின்றிருக்க முடியும்? வேர் கிடைத்துவிட்டது. அவருடைய நுழைவுப் பாஸை ரத்து செய்யுங்கள்."

"அப்ப வாசல் பலகைய மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணுமா சார்?"

"எதற்கு? அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய கால் நம்முடைய கணக்கில் வராது."

விபத்தும் நடந்திருந்தது, விபத்தில்லா நாட்களும் தடங்கலின்றி நடந்துகொண்டிருந்தன. அந்த வாரம் வட்டமான பொருட்கள் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. சாலையில் கிடக்கும் வட்டமான எதையும் ஊழியர்கள் தாண்டிச் செல்லக் கூடாது, அங்கேயே நின்று புகார் தர வேண்டும். கேன்டீன்காரர் கை தவறிப் போட்ட பருப்புவடைக்காக ஷெட் ரோடு ஒரு மணி நேரம் மூடப்பட்டது. வடையைக் கையுறை போட்டு எடுத்து உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். பாதுகாப்பு விழாவில், ஆபத்தான பொருளை முதலில் அடையாளம் கண்டு சொன்னவர் என்பதற்காக எழிலனுக்குப் 'பாதுகாப்பு நட்சத்திரம்' விருது கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளையில் ஒரு நட்சத்திரம். அதோடு இனிமேல் திங்கட்கிழமைகளில் காலை உறுதிமொழியை மைக்கில் சொல்லிக் கொடுக்கும் கௌரவமும் அவனுக்கே.

விபத்தன்றே கழன்ற சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது, மற்றப் பின் சக்கரத்தில் இருந்த ஸ்பேசரையும் எழிலன் கழற்றிவிட்டிருந்தான். அது சமையல்கட்டுப் பரணில் கிடந்தது. அவன் மனைவி ரமாபாய் நட்சத்திரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும்.

"இத இங்க மாட்டாத. பசங்க கேட்டா இன்னா சொல்லுவே?" என்றாள். "ஆபீசுல சொன்னேன் சொன்னேன்றியே, அந்தம்மாகிட்ட சொன்னியா?"

ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனான். பிலோமி வீட்டு வாசலில், மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகட்டை. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா நைனா. கம்பெனிலேர்ந்து ஒர்த்தனும் வரல, நீயாவது வந்தியே. குந்து."

அவன் உட்கார்ந்தான். ஆபீஸ் சட்டையில் குத்தியிருந்த நட்சத்திரத்தைக் கழற்ற மறந்திருந்தான். அதைக் கையால் மூடிக்கொண்டான்.

"வளையத்தப் பெருக்காம வுட்டேன், பாஸ் கேன்சல்னு கம்பெனி நோட்டீஸ் அனுப்பிச்சுது. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்," என்றாள் பிலோமி. "அவ்ளோ பெரிய வளையம், எப்டி என் கண்ணுல படாமப் போச்சு? அன்னிக்கி அந்தச் சரிவ ரெண்டு தபா பெருக்குனேன் நைனா. ஒரு குண்டூசி கெடந்தாக்கூட எடுப்பேன். கண்ணு அவுட்டாய்டுச்சு போலக்கீது. கால் ஆறுனதும் கண்ணாஸ்பத்திரிக்குப் போவணும். என்னால உன் வண்டி வேற பேஜாராய்டுச்சு. மனசுல வச்சுக்காத."

எழிலனுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. கால் முறிந்தவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

"அக்கா, அது ரோட்ல கெடக்கல. என் வீல்லேர்ந்து விழுந்தது. நான்தான் ஷோக்கா இருக்கணும்னு மாட்டுனேன். நட்டு முறுக்க வரச் சொன்னாங்க, போவல. சத்தம் வந்துச்சு, பாட்ட சவுண்டா வச்சிக்கினேன். உங்க மேல தப்பே இல்லக்கா."

பிலோமி ஊன்றுகட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கழிமுகத்துப் பக்கமிருந்து அனல்மின் நிலையச் சாம்பல் வாடை அடித்தது. அவள் அடிப்பாள், காறித் துப்புவாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று காத்துக்கொண்டு அவன் தலையைக் குனிந்திருந்தான்.

"அப்போ ரோடு கிளீனாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள் பிலோமி.

"கிளீனா இருந்துச்சுக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"இத நீ ஆபீசுல சொன்னியா?"

"ரெண்டு தபா சொன்னேன்க்கா. அது என் வண்டிதுன்னு சொன்னேன். அவுங்க காதுல வாங்கல."

"வண்டியப் பத்திச் சொன்னே, சரி. பிலோமி பெருக்குனா, பிலோமி மேல தப்பு இல்லன்னு சொன்னியா? என் பேர ஒரு தபா சொன்னியா?"

எழிலன் யோசித்துப் பார்த்தான். சக்கரத்தைச் சொன்னான், போல்ட்டைச் சொன்னான், நட்டைச் சொன்னான். அவள் பேரை அவன் ஓரிடத்திலும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் குடித்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

"எழுந்து போ நைனா," என்றாள் பிலோமி. "நாளைக்கி நானே கேட்டாண்ட வந்து பாஸ் கேக்குறேன்."

மறுநாள் திங்கட்கிழமை. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய பிலோமி ஊன்றுகட்டையோடு வாசலில் நின்றாள். செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. மைதானத்தில் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தேவப்பிரியம் முன்வரிசையில் கண்ணை மூடி, பக்தியோடு கையை நீட்டியிருந்தார். எழிலன் மைக்கைப் பிடித்தான்.

"நான்," என்றான்.

"நான்," என்றது கிடங்கு.

"என் காருக்கு ஸ்பேசர் போட்டேன்."

"என் காருக்கு ஸ்பேசர் போட்டேன்."

"நட்டை முறுக்கச் சொன்னார்கள். நான் முறுக்கவில்லை."

அதையும் எல்லோரும் சொன்னார்கள். சைக்கிள்கூட இல்லாத லோடுமேன்கள் நட்டு முறுக்காததை ஒத்துக்கொண்டார்கள். தேவப்பிரியம்தான் எல்லோரையும்விடக் கணீரென்று சொன்னார்.

"அந்த வளையம் ரோட்டில் கிடக்கவில்லை. என் சக்கரத்திலிருந்து விழுந்தது."

இந்த வரியில் தேவப்பிரியம் கண்ணைத் திறந்தார். வாய் மட்டும் பழக்கத்தில் கடைசிவரை சொல்லி முடித்தது. நீட்டிய கையைப் பாதி இறக்கினார். நடுவில் நிறுத்தக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பெனிஷா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மறுபடி மேலே போனது.

"முகத்துவாரக்குப்பம் பிலோமி," என்றான் எழிலன்.

"முகத்துவாரக்குப்பம் பிலோமி!" லோடுமேன்களுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டிருந்தது. தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"ரோட்டைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார். தப்பு என்னுடையது."

"ரோட்டைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார். தப்பு என்னுடையது," என்றார்கள் அத்தனை பேரும், தலைமை அதிகாரி உட்பட.

சிறிது நேரத்தில் எழிலன் தேவப்பிரியத்தின் முன் நின்றான். ஒருவழியாகத் தண்டனை வரப்போகிறது என்பதில் அவனுக்கு ஏதோ ஓர் ஆறுதல்.

"உறுதிமொழியின் வாசகத்தை மாற்றினீர்களா?"

"ஆமா சார். என் வண்டி வீலு..."

"சக்கரத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. வாசகத்தை மாற்றியது பெருங்குற்றம். நட்சத்திரத்தையும் பாஸையும் மேசையில் வையுங்கள்."

"சார், வீல் கழண்டதுக்கு?"

"அந்தக் கோப்பு மூடியாகிவிட்டது."

பெனிஷா மெதுவாகக் கேட்டாள்: "பிலோமி விஷயம் சார்?"

தேவப்பிரியம் நெற்றியைத் தடவினார். "சொன்னதை மறுக்கக் கூடாது என்பது விதி. நானே சொல்லிவிட்டேன். அவருடைய பாஸைத் திருப்பிக் கொடுங்கள்."

"அப்ப தப்பு என்னுடையதுன்னு சொன்னது சார்? அதயும் நீங்க..."

"அதற்கு ஒரு கூட்டம் போடுவோம்," என்றார் தேவப்பிரியம்.

எழிலன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். செய்ததற்கு அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செய்யவேண்டியதை ஒரே ஒரு தடவை செய்ததற்கு வேலை போய்விட்டது. வீட்டில் ரமாபாயிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சுக்குள் இருந்த பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வாசலில் பிலோமி பாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான்.

"ஸ்பீக்கர்ல கேட்டுச்சு," என்றாள். "இன்னும் கொஞ்சம் சவுண்டா சொல்லியிருக்கலாம்."

"ஏறுங்கக்கா. வூட்ல வுட்டுட்டுப் போறேன்."

பிலோமி வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்தாள். அது பழையபடி உள்ளடங்கி இருந்தது.

"நட்டு?"

"காலைலயே முறுக்குனேன்க்கா."

"நான் பாக்கலியே."

எழிலன் டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். கன்டெய்னர் லாரிகள் புழுதி வாரியடித்துப் போகிற ரோட்டோரத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு நட்டாக முறுக்கினான். பிலோமி ஊன்றுகட்டையின் நுனியால் அடுத்த நட்டைக் காட்டிக்கொண்டே சக்கரம் சக்கரமாகக் கூட வந்தாள். நான்காவது சக்கரம் முடிந்ததும் அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொரு தபா," என்றாள் பிலோமி.

எழிலன் முதல் சக்கரத்துக்குப் போய் மறுபடி மண்டியிட்டான்.